மூணாம் குழு பச்சை

பச்சை. இப்பவும் பச்சைதான். நாலு குழுவும் பச்சை, மூணாம் குழுவும் பச்சை, பார்த்தாச்சுல்ல, போனைப் பைக்குள்ள வை சுகிர்தா, வை. வைக்க மாட்டேன். பஸ்ஸு கிளம்பி இன்னும் காலேஜ் மதில் சுவரைக்கூடத் தாண்டலை, அதுக்குள்ள எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன்னு எனக்கே தெரியலை. ஜன்னல் ஷட்டர் பாதியில மாட்டிக்கிட்டு இறங்க மாட்டேங்குது, சாரல் நேரா மடியில விழுது, துப்பட்டாவால போனை மூடி மூடிப் பார்க்குறேன். கண்டக்டர் 'உள்ள போங்க, உள்ள போங்க, வாசல்ல என்ன திருவிழாவா நடக்குது'ன்னு கத்துறாரு. ஸ்கூலுக்கு மழை லீவு, எங்க காலேஜுக்கு மதியத்தோட லீவு, ஊரே வீட்டுக்கு ஓடுது. அத்தான் மட்டும் ஏரிக்கரை மேல நிக்குறாரு. காலையில அவரே போன் பண்ணாரு. பி.எச்டி. சேர்ந்ததுலேருந்து நான் அவருக்கு டாக்டரம்மா. 'ஏ டாக்டரம்மா, கரையில மணல் மூட்டை அடுக்க ஆள் கூப்பிடுறாங்க, நம்ம தெருவே கிளம்பிருச்சு, நானும் போகட்டுமா, உன் பொட்டியெல்லாம் என்ன சொல்லுது?' நான் வாயில பிரஷ்ஷோட போனைப் பார்த்துட்டு, 'பச்சைதான் அத்தான், தாராளமா போங்க'ன்னு சொன்னேன். தாராளமா. போங்கன்னு மட்டும் சொல்லியிருக்கலாம். பாத்துப் போங்கன்னு சொல்லியிருக்கலாம். அந்தத் தாராளமா எங்கேருந்து வந்துச்சு, கல்யாண வீட்டுல பாயசம் ஊத்துறவ மாதிரி.

ஆசீர் அத்தான் என் அக்கா ஜெமிமாவோட வீட்டுக்காரர். ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர். விசில் அடிச்சு அடிச்சுக் குரலே விசில் மாதிரி ஆகிப்போன மனுஷன். அல்லிமேட்டு ஏரிக்கரைக்குக் கீழே, கரையடித் தெருவுல வீடு, மொட்டை மாடிக்குப் போனா கரை நம்ம தலைக்கு மேல நிக்கும், அதுக்குப் பின்னாடி அவ்வளவு தண்ணியும் நிக்கும். வீடு வாங்கினப்போ நான்தான் குதிச்சேன், 'யாராவது ஏரிக்குக் கீழே போய் வீடு வாங்குவாங்களா'ன்னு. அத்தான் சிரிச்சுக்கிட்டே, 'நீதான் படிச்சவளாச்சே, நீ காவல் காத்துக்கோ'ன்னாரு. அங்கேதான் அம்மாவும் இருக்கா, முட்டி வலி, ஒரு படி ஏறணும்னாலும் ரெண்டு கையையும் யாராவது புடிக்கணும். அப்பா போனதுக்கப்புறம் அத்தான்தான் எங்களுக்கு எல்லாம். என்னை எம்.இ. சேர்த்துவிட வந்தவரு அவரு, ஹாஸ்டல்ல பெட்டியை இறக்கி வச்சுட்டு வார்டன்கிட்ட 'எங்க வீட்டுப் பிள்ளை, வாய் நீளம், மனசு நல்லது'ன்னு சொல்லிட்டு வந்தவரு. அவரைத்தான் நான் காலையில தாராளமா அனுப்பி வச்சேன். சரி, பச்சைன்னு காட்டுச்சு, பச்சைன்னு சொன்னேன், இதுல என்ன தப்பு. தப்பு ஒண்ணும் இல்லை. அப்புறம் ஏன் மறுபடியும் போனையே எடுத்துப் பார்க்குறேன். பஸ்ஸுல பொழுது போகலை, அதான். பொழுது போகாததுதான், வேற ஒண்ணும் இல்லை.

பக்கத்து சீட்டு அக்கா பாலிதீன் பையைத் தொப்பி மாதிரி தலையில மாட்டிக்கிட்டு என் போனையே எட்டி எட்டிப் பார்க்குறாங்க. 'அல்லிமேடு ஏரி ஒடைஞ்சிருச்சாம்ல?' எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. 'யாருக்கா சொன்னது?' 'வாட்ஸ்அப்புல வந்துச்சு.' 'அது போன வருஷ வீடியோவா இருக்கும், எந்த ஊரு ஏரியோ. ஒண்ணும் ஒடையலை, சும்மா பீதியைக் கிளப்பாதீங்க.' 'நீ என்னம்மா, கவர்மெண்டா?' 'கவர்மெண்டு இல்லை, அந்தக் கரைக்குள்ள நாங்கதான் மெஷின் வச்சிருக்கோம்.' அந்த அக்கா என்னை மேலேருந்து கீழ பார்த்தாங்க. நனைஞ்ச சுடிதாரு, ஊக்கு குத்தின செருப்பு. 'மெஷின் என்ன சொல்லுது?' அத்தான் கேட்ட அதே கேள்வி. 'பச்சைன்னு சொல்லுது'ன்னேன். 'பச்சைன்னா நல்லதா?' 'நல்லதுதான்.' 'அப்போ சரி'ன்னு திரும்பி உட்கார்ந்துட்டாங்க. என்ன லேசா நம்பிடுறாங்கப்பா. பச்சைன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான், கண்ணை மூடித் தூங்கவே ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு அவங்களை உலுக்கி எழுப்பி, அவ்வளவு சுளுவா நம்பாதீங்கக்கான்னு சொல்லணும்போல இருக்கு. ஏன் அப்படித் தோணுது. எனக்கே நம்பிக்கை இல்லையா. சே, மழைக்கு மூளையில பூஞ்சை புடிச்சிருச்சு.

மெஷின்னு சொன்னா பெருசா நினைச்சுக்குவாங்க. டிபன் பாக்ஸ் அளவுல ஒரு பொட்டி, அதுலேருந்து ஒரு குச்சி மண்ணுக்குள்ள இறங்கியிருக்கும், மண்ணுல எவ்வளவு ஈரம், தண்ணி எவ்வளவு அழுத்துதுன்னு குச்சிக்குத் தெரியும். ஒயரு கிடையாது, கரண்டு கிடையாது, உள்ள ஒரு பேட்டரி, மேல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோலார் தகடு. கரை நெடுக நட்டு வச்சிருக்கோம், எட்டெட்டுப் பொட்டி ஒரு குழு. எல்லாப் பொட்டியும் தனித்தனியா பம்ப் ஹவுஸ் டவர் வரைக்கும் கத்துச்சுன்னா ஒரு வாரத்துல பேட்டரி செத்துடும். தூரமாக் கத்துறதுதான் சார்ஜைத் தின்னும். அதனால குழுவுக்கு ஒரு தலைவி. மத்ததெல்லாம் பக்கத்துல இருக்குற தலைவிகிட்ட மெதுவாச் சொல்லும், அதுவும் ஏதாவது மாறினாத்தான் சொல்லும், மாறலைன்னா தூங்கும். தலைவி எல்லாத்தையும் கேட்டு, கூட்டி, வகுத்து, ஒரே ஒரு எண்ணாக்கி டவருக்குக் கத்தும். தலைவியா இருக்குறது உயிரை வாங்குற வேலை, அதுக்குத்தான் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். இறங்கினதும் அடுத்து யாருகிட்ட சார்ஜ் ஜாஸ்தி இருக்கோ அதுகிட்ட பொறுப்பைக் கொடுத்துட்டு இது போய்ப் படுத்துக்கும். அந்த முறைவைப்பை எழுதினவ நான். அதை வச்சு பேட்டரி ரெண்டு மடங்கு நாள் தாங்குச்சு. பெரிய பெரிய ஆளுங்க உட்கார்ந்திருந்த கூட்டத்துல கை தட்டினாங்க, எங்க எச்.ஓ.டி. எழுந்து நின்னு தட்டினாரு. அத்தான் மட்டும், 'எல்லாம் சரி, ரூபி டீச்சர் வாயை அடைச்சுப்புட்டியே'ன்னாரு.

ரூபி டீச்சர்ங்கறது மூணாம் குழுவுல ஒரு பொட்டி. பொட்டிகளை நட்டப்போ அத்தான்தான் கடப்பாரை புடிச்சாரு, ஒவ்வொண்ணுக்கும் எங்க சர்ச் பாடகர் குழுவுல உள்ள பேரை வச்சாரு. எப்பவும் தூங்குறது பொன்னையா தாத்தா. பழைய மதகுக்குப் பக்கத்துல, கரை அடியில, எங்க தெருப் பக்கமா நட்டது ரூபி டீச்சர், ஏன்னா அது நட்ட நாளிலேருந்து பேசிக்கிட்டே இருந்துச்சு. மதகை மூடி மண் போட்டு நிரப்பின இடம், மண்ணு இளகல், சின்ன மழைக்கே ஈரம் ஏறி இறங்கும். நான் சராசரி போட்டதும் அதோட சத்தம் கேட்காமப் போயிடுச்சு. ஏழு பேர் காஞ்சிருக்கோம்னு சொல்ல, ஒருத்தி மட்டும் நனைஞ்சுட்டேன் நனைஞ்சுட்டேன்னு கத்தினா, கூட்டி வகுத்தா என்ன வரும்? லேசா ஈரம், பரவாயில்லை, பச்சை. இது எனக்குத் தெரியாததா என்ன. தெரியும். எச்.ஓ.டி.கிட்டயும் கேட்டேன். 'கரைன்னா ஒரு இடத்துல மட்டும் நனையாதும்மா, நனைஞ்சா கூடவே பக்கத்துலயும் நனையும், சராசரியே காட்டிக் கொடுத்துடும்'னாரு. சரின்னுட்டேன். கை தட்டின சத்தம் காதுல இருந்த நேரம், எதைச் சொன்னாலும் சரின்னு சொல்லியிருப்பேன். பஸ்ஸு ஒரு பள்ளத்துல இறங்கி ஏறுது, தண்ணி ரெண்டு பக்கமும் விசிறி அடிக்குது, டிரைவர் யாரையோ திட்டுறாரு. ரோட்டோர வாய்க்கால் பூரா செம்மண் கலர். ஒரு மதில் மேல நாலஞ்சு நாய் வரிசையா உட்கார்ந்திருக்கு, ஒண்ணுகூட குரைக்கலை. நாய் குரைக்கலைன்னா அதுக்கு ஒரு அர்த்தமா, போடி பைத்தியம்.

மத்தியானம் அத்தான் ஒரு தடவை கூப்பிட்டாரு. பின்னாடி ஆளுங்க சத்தம், மழைச் சத்தம், யாரோ டீ டீன்னு கத்துறான். 'சுகி, மூட்டையெல்லாம் ஜோரா அடுக்கிட்டோம். கீழ நம்ம ரூபி டீச்சர் பக்கத்துல சின்னதா ஊத்து மாதிரி வருது, விரல் தண்டிதான்.' எனக்கு அப்பவே திக்குன்னுச்சு, ஆனா கேட்டேன், கேட்க வேண்டியதைக் கேட்டேன், 'தண்ணி தெளிவா வருதா, கலங்கலா வருதா?' 'கண்ணாடி மாதிரி இருக்கு, குடிக்கலாம்.' தெளிவா வந்தா வெறும் தண்ணி மட்டும் கசியுது. கலங்கலா வந்தா கரையோட மண்ணையும் உள்ளேருந்து கொஞ்சம் கொஞ்சமா தூக்கிக்கிட்டு வருதுன்னு அர்த்தம், உள்ள பொந்து விழுதுன்னு அர்த்தம். தெளிவு. பச்சை. ரெண்டும் நல்லது. 'அப்போ பயமில்லை அத்தான், ஆனா அந்த இடத்துல நிக்காதீங்க'ன்னேன். 'நான் நிக்காம யாரு நிப்பா, என் ஃப்ரெண்டு ரூபி டீச்சர் அங்கதானே இருக்காங்க'ன்னு சிரிச்சாரு. இந்த மனுஷனுக்கு எதுலதான் விளையாட்டு இல்லை. அப்பாவைக் கல்லறைக்குத் தூக்கிட்டுப் போறப்பகூட, முன்னாடி தூக்கினவரு கால் இடறினதும், 'பாத்து மாமா, நீங்களும் இங்கேயே தங்கிடாதீங்க'ன்னு சொல்லி, அவ்வளவு அழுகையிலயும் எங்களைச் சிரிக்க வச்சவரு. இப்போ ஏன் அது ஞாபகம் வருது, கர்த்தரே, இப்போ ஏன் கல்லறை.

மறுபடியும் போன். பச்சை. எண்ணு காலையில இருந்ததுக்கு லேசா கூட, அவ்வளவுதான். கீழ பொடி எழுத்துல இப்போ தலைவி யாருன்னு வரும், அதை யாரும் பார்க்க மாட்டாங்க, நானே பார்க்க மாட்டேன், சும்மா ஒரு அடையாளத்துக்கு வச்சது. மூணாம் குழு, தலைவி அஞ்சு. காலையில பிரஷ்ஷோட பார்த்தப்போ ரெண்டுன்னு இருந்தாப்ல ஞாபகம். பஸ் ஏறினப்போ எட்டு. இல்லை, எட்டு நாலாம் குழுவுக்கா? இல்லையே. விரலால மேல தள்ளிப் பார்க்குறேன், பழசெல்லாம் வருது. ரெண்டு, ஆறு, ஒண்ணு, எட்டு, நாலு, அஞ்சு. இன்னிக்கு ஒரே நாள்ல இத்தனை கை மாறியிருக்கு. மத்த குழுவெல்லாம் நேத்து யாரு தலைவியோ இன்னிக்கும் அதே தலைவி, நிம்மதியா உட்கார்ந்திருக்கு. மூணாம் குழுவுல மட்டும் எதுக்கு இவ்வளவு அவசரமா பொறுப்பு கை மாறுது? பேட்டரி பழசா? எல்லாம் ஒரே நாள்ல வாங்கினது. மழை மேகம், சோலார் ஏறலையா? மேகம் எல்லாக் குழுவுக்கும்தானே மேகம். யோசி. தலைவிக்குச் சார்ஜ் எதுல இறங்கும், கத்துறதுல இறங்கும், அப்புறம்? அப்புறம் கேட்கறதுல. யாராவது வந்து சொல்லிக்கிட்டே இருந்தா, கேட்டுக் கேட்டே தலைவி களைச்சுப் போவா. அந்தக் குழுவுக்குள்ள யாரோ விடாமப் பேசிக்கிட்டே இருக்காங்க. மாறினாத்தான் பேசணும்னு நான் எழுதி வச்சிருக்கேன், மாறுது மாறுதுன்னு காலையிலேருந்து ஒருத்தி கத்துறா, கேட்குற தலைவியெல்லாம் தாங்க முடியாம அடுத்தவகிட்ட தள்ளிவிட்டுட்டுப் போய்ப் படுக்குறா, எனக்கு மட்டும் எல்லாரும் சேர்ந்து பச்சைன்னு சொல்றாங்க.

இதை நான் முன்னாடியே பார்த்திருக்கேன். எங்கே பார்த்தேன், எங்கே பார்த்தேன். திருச்சி ஹாஸ்டல், எஸ்.டி.டி. பூத்து இல்லாமப் போன காலம், என் கையில ஒரு குட்டி பட்டன் போன், பரிட்சை நடக்குது. அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு நாகர்கோவில் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. ஜெமி எடுத்தா. 'நல்லா இருக்காங்கடி, நீ பரிட்சையைப் பாரு, இந்தா அம்மா பேசுதா.' அம்மா, 'ஏட்டி, சாப்பிட்டியா, அப்பா நல்லா இருக்காவ, சித்தப்பாட்ட குடுக்கேன்.' சித்தப்பா, 'நல்லா இருக்காரும்மா, இரு, பாஸ்டர் ஐயா பேசணும்னாங்க.' பாஸ்டர் ஐயா, 'தைரியமா இரும்மா, நல்லா இருக்காங்க.' நான் சந்தோஷமா போனை வச்சுட்டுப் போய்ப் படிச்சேன். நாலு பேர் நல்லா இருக்காங்கன்னு சொல்லிட்டாங்களே. பாஸ்டர் ஐயா எதுக்கு ஆஸ்பத்திரியில நிக்குறாருன்னு எனக்குத் தோணலை. ஒவ்வொருத்தரும் ஒரு வாக்கியத்துக்கு மேல ஏன் தாங்கலைன்னு தோணலை. போன் ஏன் கை மாறிக்கிட்டே இருந்துச்சுன்னு, மறுநாள் அத்தான் வந்து ஹாஸ்டல் வாசல்ல நின்னப்போதான் புரிஞ்சுது. அவரு ஒருத்தருதான் நல்லா இருக்காருன்னு சொல்லலை. 'அப்பா போயிட்டாங்க சுகி, பையை எடுத்துட்டு வா'ன்னாரு. அவ்வளவு பெரிய பாடம் படிச்சவ, அதே மாதிரி ஒண்ணைக் கம்ப்யூட்டர்ல எழுதி, கை தட்டல் வாங்கி, எங்க வீட்டுத் தலைக்கு மேலேயே கொண்டுபோய் நட்டு வச்சிருக்கேன். நாசமாப் போச்சு. நாசமாப் போச்சு.

தனித்தனியா கேட்க முடியும். அதுக்கு ஒரு கட்டளை இருக்கு, எல்லாரையும் எழுப்பி, தலைவி வேண்டாம், சராசரி வேண்டாம், நேரா டவருக்கு உன் எண்ணைச் சொல்லுன்னு கேட்கலாம். ஆனா கேட்டா ஒவ்வொண்ணும் தூரமாக் கத்தணும். வெயிலையே பார்க்காத பேட்டரி, காலையிலேருந்து மாத்தி மாத்தித் தலைவியா இருந்து களைச்ச பேட்டரி. ஒரு தடவை கத்துச்சுன்னா சிலது அப்படியே செத்துடும், அதுக்கப்புறம் இன்னிக்கு ராத்திரி பூரா மூணாம் குழு குருடு. கேட்காம விட்டா பச்சை பச்சைன்னு விடியுற வரைக்கும் ஓடும். கேட்டுத் தொலைச்சுட்டு, ஒண்ணும் இல்லைன்னு வந்தா? எச்.ஓ.டி. 'யாரைக் கேட்டு எழுப்பினே'ன்னு கேட்பாரு. கேட்கட்டும், என்ன பெரிய எச்.ஓ.டி. ஆனா ராத்திரிதான் மழை ஜாஸ்தின்னு சொல்லியிருக்காங்க, அப்போ பார்க்கக் கண்ணு இல்லைன்னா? விரலு அந்தப் பட்டன் மேலேயே நிக்குது. பக்கத்து அக்கா முழிச்சுக்கிட்டு, 'என்னம்மா ஒரு மாதிரி இருக்க, தண்ணி குடிக்கிறியா'ன்னாங்க. தண்ணி. வேண்டாம்க்கா. முதல்ல அத்தானைக் கூப்பிடு. கூப்பிட்டேன். ரிங்கு போகுது, போகுது, எடுக்கலை. மழையில பையில வச்சிருப்பாரு, காதுல விழாது. மறுபடியும். எடுக்கலை. பட்டனை அமுக்கிட்டேன்.

ஒண்ணொண்ணா வருது. ஒண்ணு, காஞ்சிருக்கு. ரெண்டு, காஞ்சிருக்கு. மூணு, பொன்னையா தாத்தாகூட எழுந்து சொல்லுது, காஞ்சிருக்குன்னு. நாலு, அஞ்சு, லேசா ஈரம். ஆறு பதில் இல்லை, செத்திருக்கும். எட்டு காஞ்சிருக்கு. ஏழு எங்கே, ரூபி டீச்சர் எங்கே, பேசுங்க டீச்சர், இவ்வளவு நாள் உங்க வாயை அடைச்சு வச்சவ இப்போ கேட்குறேன், பேசுங்க. வந்துச்சு. அந்த எண்ணை நான் ஆய்வகத்துல வாளித் தண்ணிக்குள்ள குச்சியை முக்கி வச்சப்போதான் பார்த்திருக்கேன். மண்ணு இல்லை. குச்சியைச் சுத்தி மண்ணே இல்லை, தண்ணி மட்டும்தான் இருக்கு. நான் ஏரி ஆபீஸ் இன்ஜினியரைக் கூப்பிட்டேன். உடனே எடுத்துட்டாரு, பாவம். 'சார், மூணாம் குழு, பழைய மதகு, உள்ள மண்ணு போயிடுச்சு சார், ஆளுங்களை இறக்குங்க, தெருவைக் காலி பண்ணுங்க.' 'என்ன மேடம் சொல்றீங்க, உங்க ஸ்க்ரீன்ல பச்சைதானே காட்டுது, நான் இப்பத்தான் பார்த்துட்டு மேலதிகாரிக்குச் சொன்னேன்.' 'அது சராசரி சார்!' பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு. 'அது பொய் சார், நான் எழுதின பொய், இறக்குங்க சார்!' அப்புறம் அவரு ஓடுற சத்தம், 'டேய், வண்டியை எடு, கரைக்கு விடு'ன்னு யாருகிட்டயோ.

ஜெமி. ஜெமி எடுத்தா. 'எல்லாரும் நல்லா இருக்கோம்டி, நீ எங்கே வர்றே?' 'எல்லாரும்னு சொல்லாத. ஜெமி, என் மேல சத்தியம், எல்லாரும்னு சொல்லாத. ஒவ்வொருத்தரா சொல்லு. அம்மா எங்கே?' 'அம்மா கட்டில்ல. ஏன்டி கத்துற?' 'நீ எங்கே?' 'வாசல்ல... வாசல்ல தண்ணி நிக்குது, ஒரு சாண் இருக்கும், உன்னைப் பயமுறுத்த வேண்டாம்னு சொல்லலை.' 'என்ன கலரு?' 'செவப்பா கலங்கலா வருது, மதியம் நல்லாத்தான் இருந்துச்சு.' நான் கத்தினேன். அம்மாவை நாற்காலியில உட்கார வச்சு நாலு பேரை விட்டுத் தூக்கச் சொல்லு, சர்ச் மாடிக்குப் போ, தெருவுல ஒரு வீடு விடாம கதவைத் தட்டு, நகை நட்டு ஒண்ணையும் எடுக்காத, போ போ போ. அவ கேட்டா, 'சுகி, அவரு கரையில இருக்காருடி.' 'நான் கூப்பிடுறேன், நீ போ.' போன் கட் ஆகலை, அவ கையிலேயே இருந்துச்சு போல, தெருவுல ஆளுங்க கூச்சல், தண்ணியில கால் அடிக்கிற சத்தம், அதுக்கு நடுவுல அம்மா குரல், 'ஏட்டி, என்னைய நாற்காலியோட தூக்குதானுவ, பிணத்தைத் தூக்குதாப்ல, மெதுவாலே, மெதுவா!' நான் அழுதுக்கிட்டே சிரிச்சேன். படி ஏறுற சத்தம். ஜெமி மூச்சு வாங்க, 'மாடிக்கு வந்துட்டோம், தெருவுல முக்கால்வாசிப் பேரு வந்துட்டாங்க, நீ அவரைப் பாரு'ன்னா. நான் நம்பினேன், ஏன்னா அவ எல்லாரும்னு சொல்லலை, முக்கால்வாசின்னு சொன்னா.

பஸ்ஸு நின்னுடுச்சு. முன்னாடி ரோடே தெரியலை, டிரைவர் இஞ்சினை அணைச்சுட்டாரு. 'இதுக்கு மேல போகாதும்மா, தண்ணி இப்பத்தான் சடார்னு ஏறுது'ன்னு கண்டக்டர் மெதுவாச் சொல்றாரு, அவரு மெதுவாப் பேசி இன்னிக்குத்தான் கேட்குறேன். போன்ல மூணாம் குழு இன்னும் இருக்கு. ஒண்ணும் ரெண்டும் சாம்பல் கலராயிடுச்சு, அஞ்சு சாம்பல், எட்டு சாம்பல், பொன்னையா தாத்தா சாம்பல். பேட்டரியா, கரையா, எது போகுதுன்னு எனக்குத் தெரியலை. ரூபி டீச்சர் போய் ரொம்ப நேரமாச்சு. மிச்சம் ஒண்ணே ஒண்ணு, நாலாம் பொட்டி, அதுவே அதுக்குத் தலைவி, அதோட எண்ணுதான் சராசரி, குழுவோட கலர் முதல் தடவையா சிவப்பாச்சு. இப்போ என்ன பிரயோஜனம். அத்தான் நம்பரை அமுக்குறேன். ரிங்கு. ரிங்கு. எடுத்துட்டாங்க! 'அத்தான், இறங்குங்க, வந்துடுங்க, நான் சொன்னது தப்பு, வந்துடுங்க அத்தான்!' மழைச் சத்தம். ஆளுங்க ஓ ஓன்னு கத்துற சத்தம். 'யாருங்க?' அத்தான் குரல் இல்லை. 'நான் அவரோட கொழுந்தியா, அவருகிட்ட குடுங்க.' 'மாஸ்டருங்களா... நல்லா இருக்காருங்க. இங்கதான். இருங்க, ஒரு நிமிஷம்.' கை மாறுது. இன்னொரு குரல், சின்ன வயசுக் குரல், 'அக்கா, மாஸ்டர்தான் எங்க எல்லாரையும் விசில் அடிச்சு மேட்டுக்கு ஏத்திவிட்டாரு... நல்லா இருக்காருக்கா, பயப்படாதீங்க, இந்தாங்க.' கை மாறுது. 'மேடம்.' இது இன்ஜினியர். மூச்சு இரைக்குது அவருக்கு. 'மேடம், நல்லா இருக்காரு மேடம். தைரியமா இருங்க. இதோ, இவருகிட்ட பேசுங்க.' பக்கத்து அக்கா என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க, 'என்னம்மா சொல்றாங்க'ன்னு கேட்குறாங்க. நல்லா இருக்காருன்னு சொல்றாங்கக்கா. இன்னும் யாரோ லைன்ல வர்றாங்க, நல்லா இருக்காருன்னு சொல்றாங்க, அடுத்தவருகிட்ட குடுக்குறாங்க. நான் போனைக் காதுல வச்சு அமுக்கிக்கிட்டு நிக்குறேன். எல்லார் கைக்கும் போகுது, அத்தான் கைக்கு மட்டும் போகலை.